ஆறடி மூன்று அங்குல அப்பா

சாந்தோ தொமிங்கோ
6 மார்ச் 2001

செல்வி யுதெல்கா அவர்களுக்கு,

நவம்பரில் உங்கள் வீட்டில் எனக்கு அப்பா என்று காட்டப்பட்டவர் உங்கள் அப்பா இல்லை.

இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நேற்று உங்கள் தம்பி மிசாயெலின் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் அடையாள அட்டை நகல்களும் கைக்கு வந்தன. செனோன் என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர். அளவு எடுத்தபோது நாடாவின் கீழ்முனையை அந்த நெட்டை மனிதரின் குதிகாலில் வைத்துப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் என்றார்கள். குடும்பப் படம் எடுக்கும்போது கொஞ்சம் தள்ளி நிற்கும்படி நானேதான் அவரிடம் சொன்னேன். தள்ளி நின்றார்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு பேஸ்பால் கிளப்புக்கு ஆள் தேடித் தருகிறேன். பதினைந்து வயதுப் பையன் பந்து வீசுவதைப் பார்த்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் பெரிய லீக்கில் அவன் எப்படி வீசுவான் என்று எழுதித் தர வேண்டும். தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ‘இன்று’, இன்னொன்று ‘நாளை’. இருபதிலிருந்து எண்பதுவரை எண் போடுவோம். ‘இன்று’ என்பதற்கு வேகமானி இருக்கிறது. ‘நாளை’ என்பதற்குக் கருவி கிடையாது. அதனால் அப்பாவைப் பார்ப்போம். அவருடைய தோள், மணிக்கட்டு, செருப்பின் அளவு. பையனிடம் இன்னும் வராத உடம்பை அங்கேதான் தேடுவோம்.

மிசாயெலுக்கு ‘இன்று’ முப்பத்தைந்து போட்டேன். ‘நாளை’ அறுபது போட்டேன். அறுபது என்றால் பெரிய லீக்கில் பத்து வருடம் நிற்பவன். நடுவில் இருக்கும் இருபத்தைந்தை நான் உங்கள் தம்பிக்குக் கொடுக்கவில்லை, அந்த ஆறடி மூன்று அங்குல மனிதருக்குக் கொடுத்தேன்.

உங்கள் அப்பாவின் உண்மையான உயரம் எனக்குத் தெரிய வேண்டும். மிசாயெலை சான் பேத்ரோவில் எனக்குத் தெரிந்த மருத்துவமனைக்கு அனுப்பி இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கிளப்புக்குத் தெரிய வேண்டாம். அலுவலகத்துக்கு போன் செய்யாதீர்கள். கடிதத்தை கொன்சுவேலோ வேன்காரரிடம் கொடுத்தால் நிறுத்தத்தில் வாங்கிக்கொள்வேன்.

பயிற்சியாளர் யெயோவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், அவனுக்கு எழுதினால் இன்னொரு அப்பாவைக் கூட்டிவருவான்.

எவரிஸ்தோ தெஹேதா

—

கொன்சுவேலோ
11 மார்ச்

தோன் எவரிஸ்தோ,

ஆமாம், அவர் எங்கள் அப்பா இல்லை. அவர் பெயர் நெரெயோ. சர்க்கரை ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். யெயோ அவரை ஒரு பெட்டி பீருக்குப் பேசிக் கூட்டிவந்தான்.

நீங்கள் வருவதற்கு முந்தின நாள் யெயோ வீட்டுக்கு வந்து அப்பாவை மேலும் கீழும் பார்த்தான். “செனோன், கோவிச்சுக்காத. உன்னப் பாத்தா அந்தாளு வண்டிய விட்டே எறங்க மாட்டான்” என்றான். அப்பா யோசித்துவிட்டு, “அப்ப நாளைக்கு நான் யாரு?” என்று கேட்டார். பக்கத்து வீடு என்றான் யெயோ. “பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காப்பி உண்டா?” என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. நீங்கள் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னபோதுதான் என் சிரிப்பு நின்றது.

தெருவில் இப்போதும் அந்தக் கேலி ஓடுகிறது. நெரெயோ தாமதமாக வீட்டுக்குப் போனால் அவர் மனைவி, “ஒன் இன்னொரு பொண்டாட்டி கொழம்பு வைக்கலையா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கிறாள். அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

அப்பாவை அளந்துவிட்டேன். ஐந்தடி ஐந்து அங்குலம். இந்த முறை நாடாவின் கீழ்முனையை மிசாயெல் பிடித்தான். ஒன்பது வயதிலிருந்து கரும்பு வெட்டுகிறவர் அப்பா. வளர வேண்டிய வயதில் காலையில் கரும்புச் சாறும் ராத்திரி வெறும் சோறும் தின்றவர். அவர் எத்தனை அடி வளர்ந்திருக்க வேண்டும் என்று உங்கள் தாளில் கட்டம் இருக்கிறதா? மாடு வாங்குகிறவன்கூட மாட்டைத்தான் பார்ப்பான். நீங்கள் என் தம்பியை வாங்க வந்து அப்பனைக் கேட்டீர்கள். கேட்டதால்தான் ஒரு அப்பனைச் செய்துகொடுத்தோம். எங்களைப் பொய்யர்கள் என்று எழுதுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

சனிக்கிழமை எனக்குத் தையல் ஆலை அரை நாள்தான். அவனை நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன்.

யுதெல்கா

—

சாந்தோ தொமிங்கோ
20 மார்ச்

யுதெல்கா,

நான் உங்களைப் பொய்யர்கள் என்று எழுதவில்லை. என் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். எழுதியதுபோலத்தான் இருக்கிறது. மன்னிக்கவும்.

எக்ஸ்ரே வந்தது. வளர்கிற பையனின் மணிக்கட்டு எலும்பில் நுனிக்குக் கொஞ்சம் கீழே கறுப்பாக ஒரு கோடு தெரியும். அந்த இடத்தில்தான் எலும்பு நீளும். மிசாயெலுக்கு அந்தக் கோடு மூடிவிட்டது. இன்று ஐந்தடி பதினொன்று. இன்னும் அரை அங்குலம் வந்தால் அதிகம்.

ஐந்தடி பதினொன்றில் பெரிய லீக்கில் வீசியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கையில் வேறு ஏதோ இருந்தது. மிசாயெலிடம் இருப்பது சுத்தமான வீச்சு. அவனுடைய மெதுவான பந்து அடிப்பவனை முட்டாளாக்கும். அவசரப்படாமல், ஆறு வருடம் சோறு போட்டுக் காத்திருந்தால் அவனிடமிருந்து ஏதாவது வரலாம். ஆறு வருடம் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இன்று நான் நேர்மையாக எழுதினால் ‘நாளை’ கட்டத்தில் நாற்பது போடுவேன். நாற்பது என்பது மற்ற பையன்கள் விளையாட எதிரே ஒரு ஆள் வேண்டுமே என்பதற்காக எடுக்கப்படுகிறவன். அதை அனுப்பினால் ஜூலை இரண்டு, பதினாறு வயதுப் பையன்கள் கையெழுத்துப் போடுகிற நாளில், எங்கள் கிளப் அவன் பெயரைக் கூப்பிடாது. அனுப்பாவிட்டால் அவனை எடுத்துக்கொள்வதாக வாய்வழியாகக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும்.

என்ன செய்வது என்று உங்களிடம் கேட்பது முறையில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எவரிஸ்தோ

—

கொன்சுவேலோ
29 மார்ச்

தோன் எவரிஸ்தோ,

எழுதாதீர்கள்.

மிசாயெல் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். யெயோதான் விடச் சொன்னான். காலையில் எல்லாரும் புத்தகப் பையோடு போகும்போது இவன் கையுறையோடு போவான். நாலு வருடமாக அவனுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் பந்து, ஒரு கையுறை, அறுபதடி தூரம். கடையில் சில்லறை எண்ணும்போதுகூட உதடு அசைகிறது. நீங்கள் நாற்பது என்று எழுதினால், நாற்பதைத் தூக்கிக்கொண்டு அவன் எங்கே போவான்? கரும்புக்காட்டுக்கு. அங்கேயும் நாலு வருடம் பிந்திப் போவான், மற்றவர்கள் கை காய்ச்சுப்போன பிறகு.

அறுபது என்ற எண் அவனுக்குத் தெரியும். யெயோ சொல்லிவிட்டான். காலையில் எழுந்ததும் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பென்சிலால் கோடு போடுகிறான். பிறகு கொல்லை மாமரத்துக் கிளையில் தொங்குகிறான். நேற்று அம்மா கேட்டாள், “ஏன்டா வௌவாலு மாதிரி?” என்று. “எலும்பு நீளுதும்மா” என்றான். எக்ஸ்ரேயில் என்ன இருந்தது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நானும் இப்போது உங்கள் தொழிலுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் கிளப் வருடத்துக்கு முப்பது பையன்களை எடுக்கிறது. அதில் இருபத்தெட்டு பேரை நாலு வருடத்தில் திருப்பி அனுப்புகிறது. அந்த இருபத்தெட்டில் இவன் ஒருவனாக இருந்துவிட்டுப் போகட்டும். நாலு வருடம் உங்கள் பயிற்சி முகாமில் இறைச்சி சாப்பிடுவான். அங்கே இங்கிலீஷ் சொல்லித்தருகிறார்களாம். தப்பாகக் கணித்த பையன்கள் உங்களுக்கு இதற்கு முன் இருந்ததே இல்லையா?

யுதெல்கா

—

சாந்தோ தொமிங்கோ
9 ஏப்ரல்

யுதெல்கா,

எழுதவில்லை.

இதை உங்களுக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். கிரேன் ஓட்டுகிற ஒருவரை அப்பா என்று நம்பி அவருடைய தோளை அளந்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வருடம் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது.

மே மூன்றாம் தேதி மியாமியிலிருந்து மேலாளர் வருகிறார். மிசாயெலை அவர் நேரில் பார்ப்பார். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது மைல் வீசினால் போதும், என் தாளோடு ஒத்துப்போகும். அதற்கு மேல் முயற்சி செய்ய வேண்டாம். வாரத்துக்கு அறுபது வீச்சு, அதற்கு மேல் கூடாது. தண்ணீரில் ஊறப்போட்டுக் கனமாக்கிய பந்தை அவன் கையில் கொடுக்கவே கூடாது.

இதை யெயோவிடமும் சொன்னேன். “சரிங்க தோன்” என்றான். அவன் உடனே சரி என்று சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவரிஸ்தோ

—

கொன்சுவேலோ
6 மே

தோன் எவரிஸ்தோ,

நீங்களும் அங்கே இருந்தீர்கள். வேகமானியில் தொண்ணூற்று மூன்று வந்ததைப் பார்த்தீர்கள். யெயோ தொப்பியைத் தூக்கிப் போட்டதையும், அந்த அமெரிக்கர் நோட்டை மூடிவிட்டு மிசாயெலின் முதுகில் தட்டியதையும் பார்த்தீர்கள். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் வேலிக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தேன்.

வேலிக்கு உள்ளே தெரியாததை எழுதுகிறேன். பெரிய வெள்ளிக்கு அடுத்த நாளிலிருந்து யெயோ அவனை ஊறின பந்தில்தான் வீச வைத்தான். தினமும். வாரத்துக்கு அறுபது என்று நான் போய்ச் சண்டை போட்டபோது யெயோ சொன்னான், “ஒடம்பு வளராதுன்னு ஒனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். அப்ப கை வளரணும். நீ போயி காலர் தைய்யி, தாயீ.” எக்ஸ்ரே விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனையில் அவனுக்கு ஆள் இருக்கிறதா, இல்லை நீங்கள் சொன்னீர்களா? வேண்டாம், பதில் சொல்லாதீர்கள்.

நேற்று, கையெழுத்துப் போடும் நாளன்று உடுத்த அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைக்கலாம் என்று நிற்கவைத்து அளவு எடுத்தேன். இடது கை முப்பத்து மூன்றரை அங்குலம். வலது கை, அவன் வீசுகிற கை, முப்பத்திரண்டரை. நாடா நழுவியது என்று நினைத்து மறுபடி எடுத்தேன். அதே அளவு. ஏழு வருடமாக நான் அளவெடுக்கிறேன், ஒரு மனிதனின் ஒரு கை இன்னொரு கையைவிட ஒரு அங்குலம் குறைந்து பார்த்ததில்லை. கையை நேராக நீட்டு என்றேன். நீட்டிட்டேன் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனால் அவ்வளவுதான் நீட்ட முடிகிறது. முழங்கை பூட்டிக்கொண்டு நிற்கிறது. உள்பக்கம் தொட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய்விடுகிறதாம். இரண்டு வாரமாக இடது கையால் சாப்பிடுகிறான். அது பேஸ்பால்காரர்கள் பழக்கம் என்று அம்மா நினைத்திருக்கிறாள்.

“யார்கிட்டயும் சொல்லாதக்கா. ஜூலை வரைக்கும்தானே” என்றான்.

எழுதாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். இப்போது நானே சொல்கிறேன், எழுதுங்கள். நாற்பது என்று எழுதுங்கள். முப்பது என்று வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்கள் கிளப் அவனை வேண்டாம் என்று சொன்னால்தான் யெயோ அவனை விடுவான். அப்பா இல்லாத அப்பாவைப் பற்றியும் எழுதுங்கள். எங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள்.

யுதெல்கா

—

சாந்தோ தொமிங்கோ
20 மே

யுதெல்கா,

எக்ஸ்ரேயைப் பற்றி யெயோவிடம் நான் சொல்லவில்லை. இதையாவது நம்புங்கள்.

மேலாளரிடம் பேசினேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் பேசினேன். உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் அவர் ஊர் திரும்பினார்; விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது, பையனின் அப்பா உயரமானவர் இல்லை, எனக்குத் தவறான ஆளைக் காட்டிவிட்டார்கள் என்றேன். அவர் சிரித்தார். பந்து வீசப்போவது அப்பாவா என்று கேட்டார். நவம்பரில் யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கண்ணால் தொண்ணூற்று மூன்றைப் பார்த்துவிட்டார். ‘நாளை’ கட்டத்தில் தன் கையாலேயே அறுபத்தைந்து போட்டுவிட்டார். அவருடைய தாள் வந்த பிறகு என் தாளை யாரும் திறக்க மாட்டார்கள். நான் இருபது என்று எழுதினாலும், கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது என்பார்கள்.

முழங்கையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது அவர் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். பிறகு விமான நிலையம் வந்துவிட்டது.

என் கையில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வரி. கையெழுத்துக்கு முந்தின நாள், ஜூலை ஒன்று மாலைக்குள், நான் ஒரு மருத்துவப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: பையன் எப்போதாவது கைவலி என்று சொல்லியிருக்கிறானா? ‘ஆம்’ என்றால் முழங்கையைப் படம் எடுக்க அனுப்புவார்கள். ‘இல்லை’ என்றால் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அவ்வளவுதான். ஒப்பந்தம் உறுதியாகிவிடும்.

மிசாயெல் என்னிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். கேள்வியில் ‘பையன்’ என்றுதான் இருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

எவரிஸ்தோ

—

கொன்சுவேலோ
10 ஜூன்

தோன் எவரிஸ்தோ,

உங்கள் வெட்கத்தை வைத்து நான் என்ன செய்வது?

யெயோ அவனைக் கூட்டிப்போய்விட்டான். போக்கா சீக்காவில் ஒரு விடுதி, மேலே தகரம், ஓர் அறையில் எட்டுக் கட்டில். கையெழுத்து நாள்வரை பையன்கள் அங்கேதான் இருக்க வேண்டுமாம். வீட்டில் இருந்தால் கண்டதைத் தின்று கெட்டுப்போவார்களாம். உண்மை வேறு. உங்கள் கிளப் அறுபத்தைந்து போட்டது வெளியே தெரிந்ததும், வேறு இரண்டு கிளப்புகள் பார்க்க வரும் என்கிறார்கள். அவர்களுக்காக ஜூன் முப்பது, சனிக்கிழமை, மிசாயெல் இன்னொரு முறை வீச வேண்டும். யெயோவுக்கு ஏலம் ஏற வேண்டும், கையெழுத்துப் பணத்தில் அவனுக்குப் பங்கு உண்டு.

போன ஞாயிறு அப்பா போனார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு டப்பாவில் மசித்த வாழைக்காயும் பொரித்த சலாமியும். வாசலில் இருந்த காவலாளி யார் என்று கேட்டிருக்கிறான். மிசாயெலின் அப்பா என்று சொல்லியிருக்கிறார். அவன் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அவங்கப்பா காலையிலயே வந்துட்டுப் போயிட்டாரே. நெட்டையா இருப்பாரு” என்றானாம்.

நெரெயோ வந்திருக்கிறார். யெயோ மறுபடியும் அவரைக் கூட்டிவந்து இன்னொரு கிளப்காரருக்குக் காட்டியிருக்கிறான்.

அப்பா அடையாள அட்டையை எடுக்கவில்லை. சட்டைப்பையில்தான் இருந்தது. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். “காட்டி, பையன் வேல கெட்டுப்போச்சுன்னா?” என்றார். டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று சொல்லச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. கோபம் இல்லை அது. கோபமாக இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.

அந்த வரியில் ‘ஆம்’ என்று எழுதுங்கள். ஜூலை ஒன்றுக்காகக் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே அனுப்புங்கள். முழங்கையைப் படம் எடுக்கட்டும். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே நிறுத்தட்டும். பையன் சொன்னானா என்று கேட்டால், அவன் அக்காவிடம் சொன்னான். என் கையெழுத்து இதோ கீழே இருக்கிறது.

யுதெல்கா

—

கொன்சுவேலோ
24 ஜூன்

தோன் எவரிஸ்தோ,

இரண்டு வாரம் ஆகிவிட்டது. உறையை உங்கள் கையில்தான் கொடுத்தேன் என்கிறார் வேன்காரர். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தீர்களாம். வெள்ளிக்கிழமை ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு உங்கள் கிளப்பின் வாசலுக்கு வந்தேன். நீங்கள் மைதானத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் கழித்து, நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார்கள். பின்பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது என்று வெளியே ஆரஞ்சு விற்கிறவன் சொன்னான்.

இன்று மிசாயெலைப் பார்த்தேன். அக்கா என்பதால் கால் மணி நேரம் விட்டார்கள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரேயில் கோடு மூடிவிட்டது என்பதையும், அறுபது என்பது நெரெயோவின் உடம்பைப் பார்த்துப் போட்டது என்பதையும், சனிக்கிழமை வீசினால் கை போய்விடும் என்பதையும். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, “இப்ப அறுபத்தஞ்சுக்கா” என்றான்.

“அது பொய்டா.”

“நாளைக்குன்னு எனக்கு ஒரு நம்பர் இருக்கு. ஒனக்கு இருக்கா? அப்பாவுக்கு இருந்துச்சா?”

நான் சொல்வதை அவன் நம்ப மாட்டான். எனக்கு என்ன தெரியும், நான் காலர் தைக்கிறவள். கடைசியில் அவனே சொன்னான், “தோன் எவரிஸ்தோ வந்து சொல்லட்டும். அவருதான மொதல்ல போட்டவரு. அவரு வாயால சொன்னா நிறுத்திர்றேன்.”

இது போதாதா? உங்கள் வேலைக்கு ஆபத்து இல்லை. தாளில் எதையும் எழுத வேண்டாம். கிளப்புக்குத் தெரிய வேண்டாம். போக்கா சீக்கா உங்களுக்கு அரை மணி நேரம். நாலு வார்த்தை பேசினால் போதும். சனிக்கிழமைக்கு முன்பு வாருங்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாலையில் விடுதி வாசலில் நிற்பேன்.

யுதெல்கா

—

போக்கா சீக்கா
1 ஜூலை, காலை

தோன் எவரிஸ்தோ,

வியாழன் நீங்கள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை.

நேற்றுப் பத்து வீச்சுவரை சரியாக இருந்தான். பதினொன்றாவது பந்து பிடிப்பவனுக்கு எட்டடி இடது பக்கம் போய் வேலியில் அடித்தது. சத்தம் கேட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. அவன் கத்தவில்லை. கையுறையைக் கழற்றி, வலது கையைத் தூக்கி அதற்குள் வைத்துக்கொண்டு, பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கிவந்தான். குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி. கால் வழுக்கிவிட்டது என்று யெயோ எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். வந்த இரண்டு கிளப்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். உங்கள் கிளப்பிலிருந்து நேற்று யாரும் வரவில்லை. உங்கள் மேலாளருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

ராத்திரி முழுக்க ஐஸ் வைத்தோம். காலையில் பல் துலக்க பிரஷைப் பிடித்தான். அது கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அவன் என்னைப் பார்த்து, நாளைக்குக் கையெழுத்தை இடது கையால் போடலாமா, ஏதாவது சொல்வார்களா என்று கேட்டான்.

இப்போது அவன் கட்டிலில் உட்கார்ந்து பழைய காகிதத்தில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகுகிறான். மிசாயெல் என்று எழுதிப் பார்க்கிறான். ‘எஸ்’ எழுத்து இடம்வலமாகத் திரும்பி விழுகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இந்த முறை காவலாளி அவரைத் தடுக்கவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்கிறார்.

நான் உங்களை எழுதாதீர்கள் என்றேன், எழுதுங்கள் என்றேன், ‘ஆம்’ என்று எழுதுங்கள் என்றேன். இப்போது சொல்வதைக் கேளுங்கள். அந்த வரியில் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். பொய்தான் கேட்கிறேன். ‘ஆம்’ என்று எழுதினால் படம் எடுப்பார்கள், முழங்கைக்குள் கிழிந்திருப்பதைப் பார்ப்பார்கள், அவனை இரண்டு நாளில் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். கையும் போய், கையெழுத்தும் போய், பதினாறு வயதில். ‘இல்லை’ என்று எழுதினால் ஒப்பந்தம் உறுதியாகும். பிறகு உங்கள் மைதானத்தில், உங்கள் கண்முன்னால், முதல் பந்தில் அந்தக் கை உடையட்டும். அப்போது அது உங்கள் கிளப்பின் கையாக இருக்கும். அதற்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியது நீங்கள். எங்களால் ஒரு கட்டுத் துணிக்கு மேல் முடியாது.

பையன் உங்களிடம் வலி என்று சொன்னதில்லை என்று எழுதினீர்களே. அது உண்மைதான். இன்றுவரை சொல்லவில்லை. அதையே எழுதுங்கள்.

படிவம் மாலைக்குள் போக வேண்டும். எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். வேன் நாலு மணிக்கு இந்த வழியாகத் திரும்புகிறது. நிறுத்தத்தில் நிற்பேன்.

யுதெல்கா

—

போக்கா சீக்கா
1 ஜூலை, மாலை

நாலு மணி வண்டியில் எதுவும் வரவில்லை. காலையில் தந்த உறையை வேன்காரர் உங்கள் கையிலேயே கொடுத்தாராம். ஐந்து மணி வண்டியிலும் இல்லை.

ஆறு மணிக்குத் தலைநகரம் போகிற வண்டி கிளம்பப்போகிறது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். படிவத்தில் எழுதிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், இந்நேரம் அது போயும் இருக்கும். எதை எழுதினீர்கள்? ஆம் என்றா, இல்லை என்றா? அவன் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? சொல்லுங்கள்.